தேங்காயெண்ணெய் போட்ட துவக்கு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத்து எனக்குச் சரிவராது. பள்ளிக்கூடத்தில் நான் எழுதியவற்றில் ஆசிரியர்கள் நம்பி வாசித்தவை, அம்மாவின் கையெழுத்தில் நானே எழுதிக் கொடுத்த சுகவீனக் கடிதங்கள் மட்டும்தான். இதற்காக இரண்டு தரம் மடிகணினியைத் திறந்தேன். இரண்டு தரமும் மூடிவிட்டுப் போய் முட்டை பொரித்துச் சாப்பிட்டேன். ஆனால் ஒருத்தனுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் முன்னால் போய் நின்றால் என் வாயில் நக்கலைத் தவிர வேறு எதுவும் வராது. அவனுக்கும் அப்படித்தான். ஆகவே எழுதித்தான் ஆக வேண்டும்.

அவனும் நானும் ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் ஒரே கட்டடத்தில் வளர்ந்தவர்கள். அவன் வீடு மூன்றாம் மாடி, எங்கள் வீடு கீழே. கிண்டர்கார்டனில் இருந்தே சிநேகிதம். அவன் படித்தான், நான் அவன் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவன் ஆஸ்பத்திரியில் ஆண் தாதி. போன வருடம் திடீரென்று வேட்டைக்காரர்களுக்கான சோதனையில் பாஸ் பண்ணி, யாக்ட்ஷைன் என்ற அந்த அனுமதி அட்டையை என் மூக்குக்கு முன்னால் ஆட்டினான். ஜெர்மன்காரரே பெயிலாகிற சோதனை அது.

"உனக்கென்னத்துக்கடா இது?" என்று கேட்டேன்.

"எங்கட சனத்தில டொக்டர் இருக்கினம், இஞ்சினியர் இருக்கினம், தேர்தலில நிக்கிற ஆக்களும் இருக்கினம். வேட்டைக்காரன் ஒருத்தனும் இல்லை. அந்தக் கதிரை வெறுமையாக் கிடந்தது, நான் ஏறி இருந்திட்டன்."

"உன்ர அம்மா வெள்ளிக்கிழமையில முட்டையே தொடமாட்டா. பன்றியோட வீட்ட போனா உன்னைத்தான் சுடுவா."

"அவவிட்ட யாக்ட்ஷைன் இல்லை. சட்டப்படி ஏலாது."

இப்படிப்பட்டவன்.

என் கதை வேறு. பத்தாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, கதிரை சூடாகிவிட்டது என்று எழுந்து வந்தவன் நான். ஒரு பேக்கரியில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி தொடங்கி, காலை எழும்ப முடியாமல் விட்டேன். தரைக்கு ஓடு பதிக்கும் வேலையில் தொடங்கி, என் வாயால் விட்டேன். அதற்குப் பிறகு அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதில் வருவதே நின்றுபோனது. கடைசியில் துவக்கு, அதாவது வேட்டைத் துப்பாக்கி, திருத்தும் ஒரு சின்னப் பட்டறையில் மூன்று மாதம் பழகிப் பார்க்கச் சொன்னார்கள். பிடித்தால் அவுஸ்பில்டுங், இல்லாவிட்டால் வாசல் அங்கேதான். அம்மா இந்த முறை யாருக்கும் சொல்லவில்லை. கேட்பவர்களிடம், "உவன் எங்கயோ போய் வாறான்" என்று மட்டும் சொன்னார்.

பட்டறையை நடத்தும் மைஸ்டரினுக்கு, அதாவது தொழில் பழக்கும் பெண் முதலாளிக்கு, என்னைவிட ஏழு வயதுதான் கூட. ஆனால் பேச்சில் எழுபது வயதுச் சிக்கனம். அவர் பேசுவது ஜெர்மன். நான் தமிழில் எழுதுவதால், அவரையும் இங்கே யாழ்ப்பாணத்தாளாக்கி விடுகிறேன். அவருக்குத் தெரியவா போகிறது.

மூன்றாவது மாதம் முடிகிற நேரம் என் நண்பன் தன் துவக்கோடு வந்தான். யாரோ ஒரு வேட்டைக்காரரிடம் வாங்கிய பழைய துவக்கு. அதன் தாழ்ப்பாள்தான் பிரச்சினை. கதவுத் தாழ்ப்பாள் மாதிரியேதான் அதுவும். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் திறக்கும், முன்னால் தள்ளினால் தோட்டாவைக் கொண்டுபோய்க் குழாயில் வைத்து மூடும். இவனுடையது இழுக்கும்போது வெறும் தோசைக்கல்லைக் கரண்டியால் சுரண்டுவது போலக் கத்தியது. நடுவழியில் நின்று நின்று போனது.

"முதல் நாள் பரணில இருந்து மெதுவா ஒருக்கா இழுத்தன்," என்றான். "காட்டில ஒரு மான் நிமிந்து பாத்தது. போய்ட்டு வாறன் எண்டு சொல்லாத குறையாப் போய்ட்டுது."

"மானுக்காவது உன்னைக் கண்டு பயம் இருக்கே, சந்தோசப்படு."

மைஸ்டரின் தாழை ஒருதரம் இழுத்துப் பார்த்தார். பிறகு என் மேசையில் வைத்தார்.

"இது உன்ர வேலை. தாழ் ஓடுற தடத்தை மட்டும் பார். தாழுக்கு முன்னால இருக்கிற ரெண்டு பல்லிலயும் கை வைக்காதை, விசைப்பக்கம் போகாதை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பாப்பன். ஒழுங்கா ஓடினா திங்கக்கிழமை ஒப்பந்தத்தில கையெழுத்து. ஓடாட்டி, நல்ல பெடியன், போய்ட்டு வா."

அந்த இரண்டு பற்கள்தான் வெடிக்கும்போது தாழைப் பின்னால் வரவிடாமல் பிடித்து வைத்திருப்பவை. அவற்றைத் தேய்த்துவிட்டால் சுடுகிறவன் முகத்துக்கு ஆபத்து. அந்த முகம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அது என் நண்பனின் முகம். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

வேலை இப்படித்தான். துவக்கு வெறுமையா என்று இரண்டு தரம் பார்க்க வேண்டும். பழைய பசையை எல்லாம் கழுவி எடுக்க வேண்டும். தாழின் உடம்பில் கறுப்பு மார்க்கர் பேனையால் மை பூசி, உள்ளே விட்டு முப்பது தரம் இழுத்துத் தள்ள வேண்டும். வெளியே எடுத்தால், எங்கே மை அழிந்து இரும்பு மினுங்குகிறதோ அங்கேதான் உரசுகிறது. அந்த இடத்தில் மட்டும் நைசான கல்லால் எண்ணெய் விட்டு இரண்டு தடவல். துடைத்து, மறுபடி மை, மறுபடி முப்பது தரம். நாலு நாள் இதைச் செய்தேன். என் வாழ்க்கையில் ஒரே விஷயத்தை நாலு நாள் தொடர்ந்து செய்தது அதுதான் முதல் தரம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் ஒரு கையில் பாண், மறுகையில் தாழ்.

வியாழக்கிழமை கரகரப்பு போய்விட்டது. ஆனால் நடுவில் ஒரே ஓரிடத்தில் ஒரு சின்னத் தடக்கு. பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒருத்தன் கனைப்பது போல. மை பூசிப் பார்த்தேன், தாழில் எதுவும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானமும் அது அங்கேயே இருந்தது.

இனித்தான் என் கெட்டித்தனம் வருகிறது.

கழுவும் திரவம் பட்டுப் பட்டு என் கைகள் வெடித்திருந்தன. அம்மா ஒரு பழைய இருமல் மருந்துப் போத்தலில் தேங்காயெண்ணெய் ஊற்றித் தந்திருந்தார். எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய்க்குத் தெரியாத தொழில் இல்லை. தலைக்கு அது, வெடித்த குதிக்காலுக்கு அது, கத்தும் கதவுக்கு அது, என் சின்ன வயதுச் சைக்கிள் சங்கிலிக்கும் அதுதான். அன்றைக்குக் கையில் பூசிவிட்டுச் சரியாகத் துடைக்காமல் தாழைப் பிடித்தேன். உள்ளே விட்டு இழுத்தேன். தடக்கைக் காணவில்லை.

சுற்றிப் பார்த்தேன். மைஸ்டரின் முன்னால் வாடிக்கையாளரோடு கதைத்துக்கொண்டிருந்தார். தாழில் பூசியிருந்த துவக்கெண்ணெயைத் துடைத்து எடுத்துவிட்டு, போத்தலைக் கவிழ்த்து தாழுக்கும் தடத்துக்கும் தாராளமாகத் தேங்காயெண்ணெய் விட்டேன். என் மேசைக்குப் பக்கத்தில்தான் ஹீட்டர். மார்கழி மாதத்தில் ரீசேட்டோடு வேலை செய்கிற இடம். தாழ் தண்ணீர் மாதிரி ஓடியது.

குளிரில் தேங்காயெண்ணெய் கட்டியாகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தானே போத்தலைக் காற்சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு திரிந்தேன். தெரிந்த விஷயம் தேவைப்படும் நேரத்தில் ஞாபகத்துக்கு வர வேண்டுமே.

பின்னேரம் மைஸ்டரின் வந்து, துவக்கின் குழாயை மேலே பார்க்க நிமிர்த்தி, தாழை விடுவித்தார். அது தன் பாரத்திலேயே வழுக்கி அவர் உள்ளங்கையில் வந்து இருந்தது. அவருடைய புருவம் உயர்ந்ததை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

"ஏதோ ஒரு வாசம் வருது," என்றார்.

"அது என்ர தலை," என்றேன்.

"சரி. திங்கக்கிழமை கையெழுத்து."

அன்று பின்னேரமே நண்பன் வந்து துவக்கை வாங்கிப் போனான். அடுத்த நாள் அவனுக்குப் பெரிய வேட்டை. பக்கத்து மலைக்காட்டில் முப்பது பேர் சேர்ந்து போவது. ஒரு வருடமாக இந்த அழைப்புக்காகக் காத்திருந்தவன். முதல் தரம் ஒழுங்காக நடந்துகொண்டால், அந்தக் காட்டின் பொறுப்பாளர் தொடர்ந்து கூப்பிடுவார்.

நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "உண்மையாத்தான் சொல்லுறியோ?" என்று மூன்று தரம் கேட்டார். சனிக்கிழமை காலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். யன்னலுக்கு வெளியே காரெல்லாம் வெள்ளையாக உறைந்து நின்றன. பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தேன். அப்போதும் எனக்கு எதுவும் ஓடவில்லை.

மத்தியானம் போன் அடித்தது.

"சுட்டிட்டியோ?" என்றேன்.

"கேள். விடிய இருந்து துவக்கு கார் டிக்கியில. ஆக்கள் எல்லாம் சேர்ந்து விளக்கம் சொல்லி முடிய ஒரு மணித்தியாலம், வெளியில. பேந்து பரணில ஏறி, தோட்டாவைப் போட்டுத் தாழைத் தள்ளுறன், பாதியில நிக்குது. பின்னுக்கும் வருகுதில்லை, முன்னுக்கும் போகுதில்லை. அப்பதான் மூண்டு பன்றி எனக்கு முன்னால ஊர்வலம் போச்சுது. ஒண்டு நிண்டு என்னைப் பாத்துது. உன்னை மாதிரியே மூஞ்சி."

காற்சட்டைப் பையில் இருந்த போத்தலைத் தடவிப் பார்த்தேன்.

"வேட்டை முடிஞ்சு கீழ வந்து ஒருமாதிரிக் கழட்டிப் பாத்தன். வெள்ளையாக் கிடந்தது, மெழுகுதிரி மாதிரி. மணந்து பாத்தன். உன்ர தலை மணந்தது."

"ஆரும் பாத்தவையோ?"

"எல்லாரும் சுத்தி நிண்டவை. எந்தப் பட்டறையில திருத்தினது எண்டு பொறுப்பாளர் கேட்டார். அவருக்கு உன்ர மைஸ்டரினைத் தெரியும்."

"பேந்து?"

"பட்டறையில நல்லாத்தான் செய்து தந்தவை, நான்தான் வீட்ட கொண்டுபோய்த் தேங்காயெண்ணெய் பூசினனான், எங்கட ஆக்களின்ர வழக்கம் எண்டு சொன்னன். விழுந்து விழுந்து சிரிச்சினம். ஒருத்தர் கேட்டார், தோட்டாவுக்கு மிளகாய்த்தூள் போடேல்லையோ எண்டு. இனி அங்க எனக்குப் பேரே தேங்காய்தான்."

"திருப்பிக் கூப்பிடுவினமோ?"

"தெரியேல்லை."

"ஏன்டா அப்பிடிச் சொன்னனீ?"

"திங்கக்கிழமை உனக்குக் கையெழுத்து. வாயைப் பொத்திக்கொண்டு போய் வை," என்றான். போனை வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கடைசியில் வாய் திறந்துவிட்டார். ஹனோவரில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டு, "தம்பிக்கு இடம் கிடைச்சிட்டுது" என்று அவர் சொல்வது சமையலறையில் இருந்து கேட்டது. அந்தக் குரலில் நான் அவரை அவ்வளவு சந்தோசமாகக் கேட்டு எத்தனையோ வருடம். பேசாமல் இருந்தால் எல்லாம் சரி. நண்பனே சொல்லிவிட்டான், யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு முறை விட்டது போல இதுவும் கைநழுவினால், அதற்குப் பிறகு எங்கே போவது என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை தொங்கு ரயிலில் போகும்போதும் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். மேசையில் ஒப்பந்தத் தாள். பக்கத்தில் பேனை, மூடி கழற்றியபடி. மைஸ்டரின் தாளை என் பக்கம் திருப்பிவிட்டு, "உன்ர சிநேகிதனுக்குக் காட்டில நல்லாப் போச்சுதோ?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் எனக்கு வரவில்லை. முப்பது பேருக்கு முன்னால் அவன் கோமாளியாக நின்றதுதான் கண்ணில் வந்தது.

"இல்லை," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். போத்தலை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் பேனையை எடுத்து மூடியைப் போட்டார்.

"ஏன் செய்தனீ?"

"நடுவில ஒரு தடக்கு இருந்தது. எனக்கு எடுக்கத் தெரியேல்லை. மறைச்சிட்டன்."

கத்தினால் தாங்கியிருப்பேன். அவர் கத்தவில்லை. போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார். பிறகு தாளைக் கிழிக்காமல் இழுப்பறையில் போட்டார்.

"துவக்கைக் கொண்டு வரச் சொல்லு. இன்னொரு வெள்ளிக்கிழமை தாறன். இந்த முறை ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் பாப்பன். தாழ் முதல் நாளே ஐஸ்பெட்டிக்குள்ள போகோணும்."

அன்று பின்னேரமே நண்பன் துவக்கோடு வந்தான். நான் சொல்லிவிட்டேன் என்று கேட்டதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"விசரே உனக்கு? நான் அவ்வளவு சனத்துக்கு முன்னால கோமாளியா நிண்டது வீணோ?"

"அது உனக்குப் பிறப்பிலேயே வந்த தகுதி. வீணாகாது."

ஆனால் அவன் போகவில்லை. அந்தக் கிழமை அவனுக்குக் காலை வேலை. முடிந்ததும் ஒவ்வொரு நாளும் நேரே பட்டறைக்கு வந்து, வாடிக்கையாளர் இருக்கும் முக்காலியில் கோப்பியோடு உட்கார்ந்தான். துவக்கு அவனுடையது என்பதால் மைஸ்டரின் ஒன்றும் சொல்லவில்லை. நான் தேங்காயெண்ணெயை மூன்று தரம் கழுவி எடுத்தேன். கழுவியதும் தடக்கு பழையபடி வந்து நின்றது, ஒருநாளும் போகாத மாதிரி. மை பூசினேன். தாழில் ஒன்றும் இல்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அப்படியே போயின.

வியாழக்கிழமை அவன் கோப்பியை வைத்துவிட்டு எழும்பினான்.

"நீ தாழையே பாக்கிறாய். தடம் உள்ளுக்கல்லோ?"

"உள்ளுக்குக் கண் போகாது."

"கண் ஏன்? நாங்கள் ஊசி போட நாளத்தைக் கண்ணாலயே தேடுறம்?"

தன் பையில் இருந்து ஆஸ்பத்திரிப் பஞ்சு சுற்றிய நீளமான குச்சி ஒன்றை எடுத்தான். ஒரு நாளும் அவ்வளவு மெதுவாக அவன் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. பஞ்சைத் தடத்தின் விளிம்பில் வைத்து, முன்னால் இருந்து பின்னால் இழுத்துக்கொண்டே வந்தான். தோட்டாக்கள் கீழே இருந்து ஏறும் வாசல் இருக்கிறதே, அதன் மூலையில் பஞ்சு நின்றது. இழுத்தான். ஒரு நூல் அளவு பஞ்சு இரும்பில் பிடிபட்டு நின்று ஆடியது.

அங்கே ஒரு பிசிறு. முடி அளவு. யாரோ எப்போதோ எதையோ கொண்டு கீறியிருக்க வேண்டும்.

"இந்தா," என்றான். "நாளம்."

கல்லைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக இரண்டு தடவல் தடவினேன். மூன்றாவது தடவல் வேண்டியிருக்கவில்லை. பஞ்சை அவன் மறுபடி இழுத்தான். போய்க்கொண்டே இருந்தது.

அப்போது நான் அவனிடம் சொன்னது, "கோப்பியை மேசையில சிந்தாதை" என்பது மட்டும்தான்.

போகும் முன் தாழைக் கழுவிக் காயவைத்து, ஒரு பையில் கட்டி, பட்டறைச் சமையலறையின் ஐஸ்பெட்டியில் மைஸ்டரினின் உறைந்த கீரைப் பொதிக்கு மேல் வைத்தேன். துவக்கு, ஹீட்டர் இல்லாத பின்னறைப் பெட்டகத்தில். வெள்ளிக்கிழமை காலை அவர் கையுறை போட்டுக்கொண்டு தாழை எடுத்து உள்ளே விட்டார். இழுத்தார். தள்ளினார். தேங்காயெண்ணெயோடு ஓடியது போல வழுக்கிக்கொண்டு ஓடவில்லை. ஆனால் முதலில் இருந்து கடைசி வரை ஒரே மாதிரி ஓடியது. கனைப்பு இல்லை. அவர் பத்துத் தரம் செய்து பார்த்தார். நான் பதினொன்று வரை மூச்சுவிடவில்லை.

"இது ஓடுது," என்றார். அலமாரியைக் காட்டி, "இப்ப எண்ணெய். மெல்லிசா. அந்தப் போத்தில், உன்ர போத்தில் இல்லை."

நான் எண்ணெய் பூசி முடித்ததும் இழுப்பறையைத் திறந்தார். கையெழுத்து வைக்கும் முன் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். "முதல் அந்தக் காட்டுப் பொறுப்பாளருக்கு எடு. பட்டறையின்ர பேரில நடந்த பிழை, பட்டறை சொல்லோணும்."

என்னிடம் இருக்கிற நல்ல ஜெர்மன் முழுவதையும் திரட்டிச் சொன்னேன். தேங்காயெண்ணெய் என் வேலை, நண்பனுடையது அல்ல என்று. பொறுப்பாளர் குறுக்கே கேட்டார்.

"அப்ப ஏன் அவர் தான்தான் செய்தது எண்டு சொன்னவர்?"

"எனக்கு இந்த இடம் கிடைக்கோணும் எண்டு," என்றேன்.

ஏதோ தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அந்த மனிதர், "இரண்டு கிழமையால இன்னொரு வேட்டை இருக்கு. தேங்காயை வரச் சொல்லும்," என்றார்.

அன்று வீட்டுக்குப் போய் ஒப்பந்தத்தை அம்மாவின் முன்னால் வைத்தேன். அவர் அதை வாசிக்கவில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, என் பெயர் இருக்கும் வரியில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, வெடித்த என் கையைப் பார்த்துவிட்டு, போத்தல் எங்கே என்று கேட்டார். பட்டறையில் வைத்திருக்கிறார்கள், சாட்சிக்கு என்றேன்.

அது உண்மைதான். அந்த இருமல் மருந்துப் போத்தல் இப்போதும் என் மேசைக்கு மேலே அலமாரியில் இருக்கிறது. ஹீட்டரை அணைத்த பிறகு அதற்குள் எண்ணெய் வெள்ளையாகிறது, மறுநாள் வேலை தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் தெளிகிறது. தினமும் பார்க்கிறேன்.

மச்சான், இவ்வளவும் உனக்குத்தான். முப்பது பேர் சிரிக்கும்போது நின்றதற்கு. பிறகு வேலை முடிந்த களைப்போடு நாலு நாள் வந்து, அந்தக் கேவலமான கோப்பியைக் குடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்ததற்கு. அந்தப் பஞ்சுக்கு. நீ முன்னால் இருந்தால் இதில் ஒரு வரியும் சொல்லமாட்டேன். அதனால் இதை இப்படியே உன் போனுக்கு அனுப்புகிறேன். வாசித்துவிட்டு அழித்துவிடு.

அனுப்பினேன். ஒன்றரை மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது:

"வாசிச்சன், எழுத்துப்பிழை எண்ணி முடியேல்லை, பன்றியில உன்ர பங்கு என்ர ஐஸ்பெட்டியில கிடக்கு, அம்மா கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து வா."